பந்திங் காட்டு எறும்பு

எறும்பு ஆராய்ச்சி என்றால் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது நாற்றம் பிடித்த வேலை. பிளாஸ்டிக் கப்பை மண்ணில் விளிம்பு வரைக்கும் புதைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வர வேண்டும். சில நாள் கழித்துப் போய் எடுத்தால் எறும்பு மட்டுமா விழுந்திருக்கும்? பூரான் கிடக்கும், தவளை ஊறி அழுகிக் கிடக்கும். அந்தக் கண்றாவியை வடிகட்டி, இடுக்கியால் எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இதுபோக, டின் சார்டினைக் கிள்ளிக் கிள்ளி மரத்தடியில் வைத்துவிட்டு, எந்த எறும்பு வந்து மொய்க்கிறது என்று பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் பந்திங் பக்கத்துச் சதுப்புக் காட்டில் நான் வருஷக்கணக்காகச் செய்த வேலை இதுதான். திரும்பி வரும்போது கிள்ளான் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும். என் பக்கத்து சீட் மட்டும் காலியாக வரும்.

வீட்டிலும் அதே மரியாதைதான். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா இறந்துபோன பிறகு, அம்மாவும் நானும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் வாடகைக்கு இருந்தோம். படியேறும்போதே அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"ஏன்டி, யுனிவர்சிட்டி வரைக்கும் படிச்சுட்டு மீன் பாசார் வாடை அடிச்சுக்கிட்டு வர்ற? செருப்ப வெளியவே கழட்டு. அந்தப் பைய உள்ள கொண்டாந்த, தூக்கி லோங்காங் சாக்கடையில வீசிடுவேன் சொல்லிட்டேன்."

சொந்தக்காரர்கள் அதற்கு மேல். கல்யாணம் காட்சி எங்கே போனாலும் ஒரு மாமா வந்து, "எறும்பு ஊரக் கல்லும் தேயும், இல்லம்மா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் அது தோன்றியது என்கிற பெருமை முகத்தில் வழியும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பேன்.

ஆனால் எனக்கு அந்த வேலை உயிர். காட்டுக்குள் ஒரு கூடை சருகை அள்ளி உதறினால் போதும், எத்தனை விதம்! மீன் தூண்டில் மாதிரி முதுகில் முள் வைத்தது, தாடையைப் பட்டென்று மூடி எகிறிக் குதிப்பது, மண்ணைவிடச் சின்னதாக ஊர்வது. அந்தக் காட்டை ஒட்டியே, எண்ணெய்க்காக நடுகிற செம்பனைத் தோட்டம். அதற்குள் போய் அதே கூடையை உதறினால், திரும்பத் திரும்ப அதே நாலைந்து முரட்டு இனம்தான். ஊர் ஊராகப் போய் ஒட்டிக்கொள்கிற வகை. காட்டில் என்னென்ன எறும்பு இருக்கிறது, தோட்டமாக்கினால் எது மிஞ்சுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பிடித்ததையெல்லாம் சின்ன முக்கோண அட்டையின் நுனியில் பசை தொட்டு ஒட்டி, ஊசி குத்தி, இடம் எழுதி, மரப்பெட்டிகளில் இனம் இனமாக அடுக்கி வைத்திருந்தேன்.

என் மேலதிகாரி துறைத் தலைவர். புரொபசர். அவரும் தமிழர்தான், கிள்ளானில் பிறந்து லண்டனில் பட்டம் வாங்கி வந்தவர். பங்சாரில் வீடு. கோயில் நிகழ்ச்சி, பரிசளிப்பு விழா எதுவானாலும் முதல் வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். நான் அப்போது தற்காலிக விரிவுரையாளர். என் கான்ட்ராக்ட் டிசம்பரோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

அந்த வருஷம் ஒரு தோட்டக் கம்பெனி நான் வேலை செய்த காட்டைக் கேட்டது. மிச்சம் இருந்த அந்தத் துண்டையும் வெட்டிச் செம்பனை நட வேண்டுமாம். அதனால் உயிரினங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை என்று விஞ்ஞானிகள் எழுதிக் கொடுத்தால் அனுமதி கிடைத்துவிடும். அறிக்கை எழுதுகிற வேலை எங்கள் புரொபசரிடம் வந்தது. என் எறும்புப் பெட்டிகளை எல்லாம் அவர் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். மடச்சி நான், சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து பார்க்கிற எவனும் அந்தக் காட்டை வெட்டச் சொல்ல மாட்டான் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

சில வாரம் கழித்து வகுப்புக்குச் சில எறும்புகள் தேவைப்பட்டன. எடுக்கப் போனேன். அறையில் அவர் இல்லை. தோட்டத்து எறும்புப் பெட்டியைத் திறந்ததும், என்னடா இது கூத்து என்று ஆகிவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு எறும்பு இனம் உண்டு. அதில் வேலைக்காரிகள் இரண்டு அளவு. ஒருத்திக்கு உடம்பைவிடத் தலை பெரிசு, கொட்டையை உடைக்கிறவள். இன்னொருத்திக்குத் தலை சின்னது, ஓடியாடி இரை தேடுகிறவள். ஒரே ராணி பெற்ற பிள்ளைகள், ஒரே கூடு. பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். முதலாம் ஆண்டு மாணவர்கள் இரண்டையும் இரண்டு இனம் என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அக்காளையும் தங்கையையும் வேறு வேறு சாதி என்று எழுதின மாதிரி.

அந்தப் பெட்டியில் பெரிய தலைகள் தனி இனம், சின்னத் தலைகள் தனி இனம். இறக்கை முளைத்த ஆண் எறும்பு இன்னொரு இனம். ராணி வேறொரு இனம். இப்படியே ஒவ்வொரு இனத்தையும் நாலாகப் பிய்த்துப் பிய்த்துத் தோட்டத்துப் பெட்டி நிரம்பி வழிந்தது. காட்டுப் பெட்டியைத் திறந்தால் நேர்மாறு. நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பிரித்து வைத்திருந்த பொடி எறும்புகளையெல்லாம் ஒரே இனப் பெயர்ச் சீட்டின் கீழ் தள்ளியிருந்தது. மொத்தத்தில் காட்டிலும் தோட்டத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை!

யாரோ மாணவன் செய்த தப்பு என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஊசியாக எடுத்துச் சரியான இடத்தில் குத்த ஆரம்பித்தேன். அப்போது புரொபசர் உள்ளே வந்தார். கையில் கறிபாப். எறும்புப் பெட்டி இருக்கிற அறையில் யாரும் எதையும் தின்னக்கூடாது, பூச்சி வந்துவிடும் என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

"என்னம்மா பண்றீங்க?"

"யாரோ ஸ்டூடன்ட் தப்பா வச்சுட்டாங்க சார். பெரிய தலையும் சின்னத் தலையும் வேற வேற இனமா வச்சிருக்காங்க. நான் மாத்திடுறேன்."

"தொடாதீங்க. நான்தான் வச்சேன்."

நான் எழுந்துகூட நிற்கவில்லை. ஊசி கையிலேயே இருந்தது. அவர் கறிபாப்பைக் கடித்துக்கொண்டே பெட்டிக்கு மேல் குனிந்தார். துணுக்குகள் எறும்புகள் மேல் உதிர்ந்தன. உதிர்ந்ததை விரலால் தட்டிவிட்டார். விரல் எண்ணெய் சீட்டில் அப்பிக்கொண்டது. சீ, இந்த மனுஷனிடமா வேலை பார்க்கிறோம் என்று முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

"இதெல்லாம் அபிப்பிராயம்தாம்மா. ஒங்களுக்கு ஒண்ணாத் தெரியுது, எனக்கு ரெண்டாத் தெரியுது. சயின்ஸ்ல இது சகஜம் லா. உருவம் வேற, அதனால இனம் வேறன்னு போட்டிருக்கேன். யாரு வந்து கேக்கப் போறா?"

பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, குரலை இறக்கி, சொந்தக்காரர் மாதிரி பேசினார். அறிக்கையில் என் பெயரும் வர வேண்டுமாம். காட்டில் இறங்கி எறும்பு பிடித்தவள் நான்தான் என்று அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். என் பெயர் இல்லாவிட்டால் அறிக்கை நொண்டும்.

"நம்ம ஆளுங்க இந்த டிபார்ட்மென்ட்ல எத்தன பேரு சொல்லுங்க? நீங்க, நான். டிசம்பர்ல கான்ட்ராக்ட் முடியுது. ஒங்கள உள்ள வைக்கணும்னுதான் நானும் பாக்குறேன். நமக்கு நாமே உதவிக்கலேன்னா வேற யாரு உதவுவா? ஒரே ஒரு கையெழுத்து."

நம்ம ஆளுங்களாம்! தொட்டிலையும் ஆட்டிப் பிள்ளையையும் கிள்ளுகிற பேச்சு. வேலையைப் பிடுங்கிவிடுவேன் என்று நேரடியாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். முடிவில் கரண்டியை வைத்துவிட்டு, "எறும்புக்கு நீ என்ன வக்கீலா?" என்றாள்.

"அம்மா, அது பொய்ம்மா."

"கையெழுத்துதானேடி? ரயில்வேல ஒங்கப்பா எத்தன கையெழுத்து போட்டிருப்பாரு. எல்லாத்தையும் படிச்சுப் பாத்தா போட்டாரு? மனுஷனுக்கு வேல முக்கியம். வாடகை வீட்டுல குந்திக்கிட்டு நியாயம் பேசுறா. அவரு லண்டன்ல படிச்சவரு. அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு?"

அந்தக் கடைசிக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது. ஒருவேளை எனக்குத்தான் கண் சரியில்லையோ? மறுநாளே பந்திங்குக்குப் போனேன். தோட்டத்தில் ஒரு மட்டைக் குவியலுக்கு அடியில் கூடு ஒன்றைக் கண்டுபிடித்து, மண்ணோடு ராணியோடு தோண்டி, பிஸ்கட் டின்னில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். டின்னுக்குள் பெரிய தலைகளும் சின்னத் தலைகளும் ஒரே ராணியைச் சுற்றி ஓடின, ஒரே முட்டைகளைத் தூக்கிக்கொண்டு. அப்படியே அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"பாருங்க சார். எல்லாம் ஒரே கூடு."

அவர் பாதி எட்டிப் பார்த்தார். "நல்ல கூடு. மூடி வைங்க, வெளிய வந்துடப் போகுது," என்றார்.

அவ்வளவுதான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "நான் கையெழுத்து போட மாட்டேன் சார். என் பேரு அதுல வரக்கூடாது," என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சுட்டேன்."

"அப்ப சரி," என்று பேனாவை மூடினார். கோபமே படவில்லை. அதுதான் அந்த மனுஷனின் சாமர்த்தியம்.

டிசம்பரில் என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டதற்கு, எறும்புக்கு இப்போது தேவை இல்லை, பயிர்ப்பூச்சி தெரிந்த ஆள்தான் வேண்டும் என்றார்கள். பெட்டிகளைக் கேட்டேன். பல்கலைக்கழகச் சொத்து, கொடுக்க முடியாது என்றார்கள். அறிக்கை அவர் பெயரோடு மட்டும் போனது. நொண்டவும் இல்லை, முடங்கவும் இல்லை, ஓடியே போய்ச் சேர்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு போடுகிறவனே மறைத்தால் தாராளமாக மறைக்கலாம். அடுத்த வருஷம் காடு போய்விட்டது.

கிள்ளானில் ஒரு துணிக்கடை மாடியில் டியூஷன் சென்டர் நடத்தினார்கள். அங்கே பள்ளிப் படிவம் ஐந்து மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். சாயங்காலம் பண்டமாரானில் வீடு வீடாகப் போய் தனி டியூஷன். எண்பதுகள் முழுக்க அப்படியே கரைந்தன. ஒரே ஒரு தடவை பந்திங் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்தேன். காடு இருந்த இடத்தில் நேர் நேராக வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். காட்டை எரித்த கரி மண் இன்னும் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. இடுப்பளவு செம்பனைக் கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. காறித் துப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

ஊரில் என்னைப் பற்றி ஒரே கதைதான். சண்டைக்காரி, புரொபசரையே எதிர்த்துப் பேசி வேலையைத் தொலைத்தவள். இடையில் அவருக்கு டத்தோ பட்டமும் கிடைத்தது. அதற்குப் பிறகு என் பக்கம் பேச ஒரு ஆள் இல்லை. அம்மாவும் விடவில்லை. வாடகை கட்டுகிற ஒவ்வொரு மாசமும், "ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து," என்று முனகுவாள். இதில் கொடுமை என்னவென்றால், பெட்டிகள் என் கையில் இல்லாமல், எறும்பைப் பார்க்காமல், வருஷம் ஆக ஆக எனக்கே ஒரு சந்தேகம் அரிக்க ஆரம்பித்தது. அந்த மனுஷன் மனதார நம்பித்தான் அப்படி வைத்திருப்பாரோ? நிஜமாகவே வெறும் அபிப்பிராய பேதத்துக்காகவா நான் வாழ்க்கையைத் தூக்கிப் போட்டேன்? பாழாய்ப்போன மனசு அப்படியும் யோசிக்கும்.

தொண்ணூறுகளில் ஒரு கல்யாணம். பிரிக்பீல்ட்ஸில் கல்யாண மண்டபம், இலை போட்டுச் சாப்பாடு. அம்மாவும் நானும் உட்கார்ந்த வரிசைக்கு எதிரிலேயே புரொபசர் வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், தொப்பை பெருத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி.

"அட, ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்!" என்று கைப்பையைத் திறந்து ஒரு அச்சிட்ட கட்டுரையை எடுத்து நீட்டினார். பிறகு அந்த வரிசைக்கே கேட்கிற மாதிரி, "இந்தப் பொண்ணு பேர ஒலகத்துக்கே குடுத்திருக்கேன். புது எறும்பு ஒண்ணுக்கு இவங்க பேர வச்சிருக்கேன்!" என்றார்.

நாலைந்து பேர் கை தட்டினார்கள். எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. புது இனத்துக்கு, மரியாதைக்காக ஒரு ஆளின் பெயரை வைப்பார்கள். பெண் பெயர் என்றால் லத்தீன் முறைப்படி கடைசியில் ஒரு சின்ன வால் சேர்க்க வேண்டும். கட்டுரையின் தலைப்பிலேயே என் பெயர் வாலோடு நின்றது. கிடைத்த ஒரே இடம், பந்திங் அருகே சதுப்புக் காடு. பிடித்தவர், நான். என் பெட்டியிலிருந்து எடுத்த எறும்பு, நான் ஒட்டிய அட்டை, நான் குத்திய ஊசி.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். படம் இருந்தது. ஒரு பெரிய தலை, பக்கத்தில் ஒரு சின்னத் தலை. கீழே, இரண்டும் ஒரே இனத்தின் வேலைக்காரிகள் என்று அழகாக எழுதியிருந்தது.

"சார், இதுல பெரிய தலையும் சின்னத் தலையும் ஒரே இனம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா, ஒரே இனம்தானே? முதல் வருஷப் பாடம். ஒங்களுக்குத் தெரியாததா?" என்று வடையைப் பிய்த்து வாயில் போட்டார்.

"அப்ப அந்த அறிக்கையில?"

"எந்த அறிக்கை?" என்று நிஜமாகவே யோசித்தார். சாம்பார் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு, "ஓ, அதுவா! பழைய கதை லா," என்று சிரித்தார்.

என் வேலை போனது, காடு போனது, பத்துப் பதினைந்து வருஷமாக என் கண்ணையே நான் சந்தேகப்பட்டது. அந்த மனுஷனுக்கு ஞாபகம்கூட இல்லை! எச்சில் இலையில் கைவைத்துவிட்ட மாதிரி உடம்பெல்லாம் கூசியது.

"என் பேர எடுங்க சார். எனக்கு வேணாம்."

"எடுக்க முடியாதேம்மா. அச்சுல வந்துட்டா வச்சவனே நெனச்சாலும் மாத்த முடியாது. அதுதானே விதி? நீங்களே பாடம் எடுத்திருப்பீங்க."

எடுத்திருக்கிறேன். ஒரு தடவை முறைப்படி வெளியான பெயரை, பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் அழிக்க முடியாது. நான் செத்தாலும் நிற்கும், அவர் செத்தாலும் நிற்கும். எந்தப் பெயரை அவர் தாளில் வர விடக்கூடாது என்று அத்தனையையும் இழந்தேனோ, அதை என்னைக் கேட்காமலேயே எடுத்துப் போட்டுவிட்டார், பரிசு என்று சொல்லி.

இதற்குள் அம்மா என் கையிலிருந்து கட்டுரையை வாங்கிவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் என் ஐசி அடையாள அட்டையில் பார்த்துப் பார்த்து என் பெயரின் எழுத்துகளை மட்டும் அடையாளம் தெரியும். இடது கையால் தடவித் தடவிப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. பக்கத்து இலைக்காரியிடம், "எம் பொண்ணு பேரு, புக்குல போட்டிருக்காங்க," என்றாள். இத்தனை வருஷத்தில் என் படிப்பை நினைத்து அவள் பெருமைப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அவரிடம் குனிந்து மரியாதையாகக் கேட்டாள்.

"இந்த எறும்ப எங்க சார் போய்ப் பாக்கலாம்?"

"பந்திங் பக்கம்மா," என்றார் அவர், கண் இமைக்காமல்.

"பந்திங்தானே! பஸ்ஸு இருக்கேடி. ஒரு நாளு என்னையும் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டு."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "அங்க ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "அந்தக் காட்ட வெட்டி எரிச்சுட்டாங்க. இந்த எறும்பு வேற எங்கயும் கெடச்சதில்ல, அதோட சேந்து செத்துப்போச்சு. வெட்டலாம்னு எழுதிக் குடுத்தது இவருதான். அதுக்குத்தான் என்னைக் கையெழுத்து போடச் சொன்னாரு."

புரொபசர், "காடு போனா என்னம்மா, பேரு நெலைச்சு நிக்குதே," என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டுரையை அவர் இலையில், சாம்பாரின் மேலேயே வைத்தாள்.

"உசுரோட இருக்கிற பொண்ணு பேர, செத்துப்போனதுக்கா வச்ச? அதுவும் நீயே கொன்னதுக்கு?" என்றாள். "தூ!"

கையைக்கூடக் கழுவாமல் என் தோளைப் பிடித்து எழுப்பினாள். பாயசம் வாளி அப்போதுதான் எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தது.